மழித்த இடம்

துணி சிக்குகிறது. சிக்கக் கூடாத இடத்தில் சிக்குகிறது. இடுக்கியில் காஸ் துணியைச் சுருட்டிப் பிடித்து, அயோடினில் முக்கி, முதுகின் நடுவில் தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே வருவது வருஷக்கணக்காகக் கை தானே செய்கிற வேலை. கை இங்கே இருக்கும், மனசு வீட்டுக்குப் போய் ராத்திரிக் குழம்புக்குத் தேங்காய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும், அப்படிப்பட்ட வேலை. இன்று பெரிய வட்டத்தின் அடிப்பக்கத்தில், இடுப்புக்குக் கீழே, பின்புறம் இரண்டாகப் பிரியத் தொடங்குவதற்குச் சற்று மேலே, துணி ஒரு நொடி நின்றுவிட்டுப் போனது. தேங்காய் நினைப்பு அங்கேயே அறுந்தது. வேறு துணி எடுத்தேன். மறுபடி அதே இடம், மறுபடி அதே நிற்பு. குனிந்து பார்த்தால் பழுப்பு மருந்துக்கு நடுவே வெள்ளை நூல் ஒன்று பிய்ந்து நின்றுகொண்டிருக்கிறது. வழவழப்பான தோலில் நூல் எப்படி நிற்கும்? சவரம் பண்ணி மறுநாள் ஆன மோவாயைத் துண்டால் துடைத்தால் நிற்கும். கிளவுஸ் போட்ட விரலால் தொட்டுப் பார்த்தேன். முள். பொடிப்பொடியாக முள், அங்கங்கே விட்டுப்போன முளை, ஓரத்தில் பிளேடு கீறிய சின்னக் கோடு. இதை மழித்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையைப் பின்னால் கொண்டுபோய் மழித்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு வந்தவளை நர்ஸ்கள் மழிப்பது முன்பக்கம்தான். பின்பக்கம் யார் மழித்தது, எதற்கு மழித்தது?

"டாக்டரம்மா, போட்டாச்சா?" என்கிறான் முன்னால் நிற்கும் பையன். பையன் என்ன பையன், இன்று தகப்பனாகப் போகிறவன். குற்றாலிங்கம். பேட்டரி கடை வைத்திருக்கிறானாம், விரலிடுக்கில் கறுப்பு போகாமல் நிற்கிறது. அவன் பெண்டாட்டி சுடர்க்கொடி கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கப்போட்டு, மடியில் தலையணையைக் கட்டிக்கொண்டு, எனக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியை அவன் நெஞ்சில் முட்டுக் கொடுத்திருக்கிறாள். "இன்னும் சுத்தம் பண்ணியே முடிக்கலை, இருப்பா" என்றேன். குரலில் எரிச்சல் ஏறிவிட்டது, ஏறட்டும். நான் இந்த ஆஸ்பத்திரிக்காரி இல்லை. தென்காசியில் இருக்கிற நர்சிங் ஹோம்களுக்கெல்லாம் பொதுவாக ஒருத்தி. போன் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு காரை எடுக்க வேண்டியது, மருந்து கொடுக்க வேண்டியது, அடுத்த போனுக்கு ஓட வேண்டியது. மயக்க டாக்டரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். பியூலா என்று ஒரு பெயர் இருப்பது எங்கள் சபைப் போதகருக்கும் வருமான வரி ஆபீசுக்கும்தான் தெரியும். ஒரு பெண்ணின் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் திரும்பி உட்காரச் சொல்லிவிடுவேன். முகமும் வயிறும் பிரசவம் பார்க்கிற வசந்தா டாக்டருக்கு, முதுகு எனக்கு. ஒன்பது மாதமும் இவளுடைய வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்திருப்பார்கள், ஸ்கேன் ஸ்கேனாக எடுத்திருப்பார்கள். முதுகை ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் இன்றைக்குத்தான் பார்க்கிறேன், அதுவும் ஊசியைக் கையில் எடுக்கப் போகிற நேரத்தில். வந்ததும் கேட்டேனே. ஒப்பிப்பதுபோலக் கேட்கிற கேள்விதான் என்றாலும் கேட்டேன். முதுகில் அடி பட்டிருக்கிறதா, ஆப்பரேஷன் உண்டா, பிறவியிலேயே முதுகில் ஏதாவது உண்டா. இரண்டு பேரும் ஒரே வாயாக இல்லை என்றார்கள்.

முடிதானே. முடி எங்கேதான் முளைக்காது? எனக்கே மோவாயில் முளைக்கிறது, மாதம் ஒருமுறை பிடுங்கிப்போடுகிறேன், அதற்காக எனக்கு நோய் என்று அர்த்தமா? இந்தக் காலத்துப் பெண்கள் உச்சந்தலையைத் தவிர எல்லா இடத்து முடியையும் எடுத்துவிடுகிறார்கள். வளைகாப்புக்குப் பியூட்டி பார்லருக்குப் போயிருப்பாள், அங்கே உள்ளவள் கைக்கு வந்ததையெல்லாம் வழித்திருப்பாள், போடு ஊசியை, வேலையைப் பார். ஆனால் பார்லரில் முதுகு முழுக்க எடுப்பார்கள். இவளுக்கு மேல் முதுகில் பூனைமயிர் அப்படியே இருக்கிறது, தோளில் இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் முள். அது வெறும் இடம் இல்லை, கர்த்தாவே, அது வெறும் இடம் இல்லை. தாயின் வயிற்றுக்குள் குழந்தையின் முதுகெலும்பு இரண்டு பக்கமிருந்தும் வந்து மூடிக்கொள்ளும்போது சில பேருக்குக் கடைசிக் கதவு மட்டும் சாத்தாமல் நின்றுவிடும். மேலே தோல் மூடிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் மட்டும் கற்றையாக முடி வளரும். கதவு திறந்திருக்கிறது பாருங்கள் என்று உடம்பு எழுதி ஒட்டிய ஒரே நோட்டீஸ் அதுதான். அதையும் கிழித்துப்போட்டுவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாளோ?

வலி வருகிறது. எனக்கல்ல, அவளுக்கு, ஆனால் எனக்குத்தான் முதலில் தெரிகிறது, முதுகுத் தசை இரண்டு பக்கமும் கயிறாக முறுக்கிக்கொண்டு எழும்புகிறது. "அம்மா, அம்மா, என்னால முடியலை, போடுங்க டாக்டர், சீக்கிரம் போடுங்க" என்று தலையணைக்குள் கத்துகிறாள். தோளைப் பிடித்திருக்கிற பாக்கியம் சிஸ்டர், "மூச்சு விடுத்தா, வாயால விடு, ஆங், அப்படித்தான்" என்கிறார். பாக்கியம் என்னைவிட மூத்தவர். என் முகத்தை மாஸ்குக்கு மேலே பார்த்துவிட்டு என்ன என்று கண்ணால் கேட்கிறார். ஒன்றுமில்லை என்று கண்ணால் சொன்னேன். இந்த வலியை நிறுத்துகிற மருந்து என் தட்டில் இருக்கிறது. இதைப் போல ஒரு சந்தோஷம் எங்கள் தொழிலில் வேறு கிடையாது, மருந்து உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில், கத்திக்கொண்டிருந்தவள் அப்படியே அடங்கி, முதல் தடவையாக என் முகத்தைத் திரும்பிப் பார்த்து, தேங்க்ஸ் டாக்டர் என்பாள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் ஓடுகிறேன். கல்யாண வீட்டுக்குப் போனால் நிலைமை வேறு. நான் என்ன டாக்டர் என்று தெரிந்த நிமிஷம் பக்கத்து இலைக்காரி ஆரம்பிப்பாள், எனக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்துதான் இடுப்பு வலி என்று. குடம் தூக்கி வந்த வலி, மாவாட்டி வந்த வலி, மாமியாரால் வந்த வலி எல்லாம் என் ஊசி மேல். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். தேவையில்லாத இடத்தில் ஊரே பயப்படுகிறது. பயப்பட வேண்டிய இடத்தில் பிளேடால் வழித்துவிட்டு வந்து போடுங்க போடுங்க என்கிறது.

படிக்கிற காலத்தில் ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். மதியம், ஓபி முடிகிற நேரம், ஒரு பெண் நடந்து வந்தாள், கையில் கைக்குழந்தை. வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. "செருப்பு எங்கம்மா?" என்று யாரோ கேட்டார்கள். அவள் குனிந்து பார்த்தாள், பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வராந்தாவில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, வெறுங்காலோடு வெயிலில் வந்திருக்கிறாள், சுட்டதும் தெரியவில்லை, கழன்றதும் தெரியவில்லை. பாதம் துணிமாதிரி தொங்கியது. வேறு ஏதோ ஊரில் முதுகில் ஊசி போட்டு ஆப்பரேஷன் செய்திருந்தார்கள். படம் எடுத்துப் பார்த்தபோது எங்கள் பேராசிரியர் விளக்கு வெளிச்சத்தில் அதை எங்களுக்குக் காட்டினார். மற்றவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும், அதற்குக் கீழே வெறும் நரம்பு இழைகள் நீரில் மிதக்கும், ஊசி போனால் ஒதுங்கிக் கொடுக்கும், அந்தத் தைரியத்தில்தான் நாம் இடுப்பில் ஊசி போடுகிறோம் என்றார். இவளுக்குத் தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டு, இழுத்துக் கட்டிய கொடிக்கயிறாகக் கடைசிவரை இறங்கியிருக்கிறது. ஒதுங்க இடமில்லை. ஊசி போட்டவர்மேல் தப்பில்லை, அவருக்குத் தெரியாது என்றும் சொன்னார். அவருக்குத் தெரியாது என்பது அந்தப் பெண்ணின் பாதத்துக்குத் தெரியுமா? அவள் எங்களைக் கும்பிட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு போனாள்.

விரலை மறுபடி வைக்கிறேன். மேலே இருந்து வருகிறேன். ஒரு முள்ளெலும்பு, பள்ளம், ஒரு முள்ளெலும்பு, பள்ளம், நல்ல அழகான முதுகு, ஒல்லியான பெண், சாதாரண நாளில் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். இடுப்பெலும்பின் மேட்டுக்கு நேராக வருகிறேன். இங்கேதான் போட வேண்டியது. இங்கேயும் மேடு இருக்கிறது. கீழே அடுத்தது. அடுத்தது எங்கே? மேடு வர வேண்டிய இடத்தில் மெத்தென்று இருக்கிறது. அழுத்திப் பார்க்கிறேன், இருக்கிறதுபோலவும் இருக்கிறது, இல்லாததுபோலவும் இருக்கிறது. முள் இருக்கிற இடமும் இதுதான். இரண்டு எலும்பு மேலே ஏறிப் போட்டால் என்ன? அங்கே எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கிறது? போடலாம். மருந்து இறங்கி வரும். ஆனால் கீழே கயிறு கட்டியிருந்தால் மேலேயும் கயிறு இருக்கும், எவ்வளவு விறைப்பு, எவ்வளவு கிட்டத்தில், படம் எடுக்காமல் எவருக்குத் தெரியும்? எங்கள் வேலை கண்ணால் பார்க்கிற வேலை இல்லை. ஊசி ஒரு சவ்வைத் தாண்டும்போது, அழுத்திக்கொண்டிருக்கிற கட்டைவிரல் சட்டென்று இளகும், அந்த இளக்கத்தை நம்பி நிற்கிறோம். கதவு சாத்தாத முதுகில் அந்தச் சவ்வே இல்லாமலும் போகலாம். விரல் இளகும்போது ஊசி போகக் கூடாத இடத்துக்குப் போயிருக்கும். கரணம் தப்பினால் மரணம் என்பார்கள். இதில் மரணம்கூட இல்லை, அவள் உயிரோடுதான் இருப்பாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய வயசில் கட்டிலில் கிடப்பாள், மூத்திரம் போவது தெரியாமல் கிடப்பாள்.

"சுடர், ஒரு விஷயம் கேட்கேன், பொறுமையா சொல்லு. முதுகுல கீழ்ப்பக்கம் ஏதாவது இருந்துதா? கட்டி, மச்சம், முடி, எதுனாலும்?" "இல்லை" என்றாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. அதுதான் உறுத்துகிறது, நிஜமாகவே இல்லாதவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். "ஒண்ணும் கிடையாது டாக்டரம்மா, பாவம் துடிக்கா, போட்டு விடுங்க" என்றான் குற்றாலிங்கம். என்னைப் பார்க்காமல் அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கதவு திறந்து வசந்தா டாக்டர் தலையை நீட்டினார். "பியூலா, இன்னுமா? வலி தெரியாம எபிடூரல் ஊசி கிடைக்கும்னு நான் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன், வெளியில ரெண்டு வீட்டு ஆளும் நிக்காங்க." "ஒரு சந்தேகம் டாக்டர்." "என்ன சந்தேகம்?" முடி என்று சொன்னால் சிரிப்பார். அவன் முன்னால் எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய கேள்வி, சந்தேகம் தப்பாக இருந்தால்? ஒல்லி முதுகில் ஊசி போடத் தெரியாமல் முடியைக் காரணம் சொன்னாள் என்று தென்காசி முழுக்கப் பரவும், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. என் கை ஊசியை எடுத்துவிட்டது. நான் எடுக்கவில்லை, கைதான் எடுத்தது, பழகிய கை. அதைப் பார்த்தேன். திரும்ப வைத்தேன். தட்டில் உலோகம் தட்டிய சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், முதுகு சிலிர்த்தது. "கொஞ்சம் நேரம் கொடுங்க டாக்டர்" என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்.

"தம்பி, நீ வெளியே போய் நில்லு." "இல்லம்மா, நான் இங்கனயே..." "ஊசி போடும்போது ஆம்பிளைங்க மயங்கி விழுறாங்க, அப்புறம் உன்னைத் தூக்க இங்கே ஆள் கிடையாது, போப்பா." பொய். வாய் கூசாமல் வந்தது. அவன் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். கதவு சாத்தியதும் அவள் காதருகே குனிந்தேன். பக்கவாட்டில் முகம் தெரிந்தது. வியர்வையில் பொட்டு வழிந்து புருவத்தில் நிற்கிறது, கீழுதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருக்கிறாள், என் மகள் வயசுதான் இருக்கும். "எப்ப மழிச்சே?" என்று கேட்டேன். இருந்ததா இல்லையா என்று கேட்கவில்லை. அவள் அழ ஆரம்பித்தாள். வலிக்கு அழுவது வேறு, இது வேறு, சத்தமே இல்லை. "காலையில" என்றாள். "வலி எடுத்ததும் அவரு ஆட்டோ கூப்பிடப் போனாரு. ஆஸ்பத்திரியில துணியை மாத்துவாங்கள்லா, எல்லாரும் பார்ப்பாங்கள்லா, அதான் பாத்ரூமைப் பூட்டிக்கிட்டு... வயிறு தட்டுது, கை எட்டலை. நடுவுல வலி வந்து உக்காந்துட்டேன், அப்புறம் எந்திரிச்சி மிச்சத்தை எடுத்தேன்." நினைத்துப் பார்க்கிறேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. நிறைமாத வயிற்றோடு, வலியோடு, வழுக்குகிற தரையில் நின்றுகொண்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஒரு பெண் பிளேடு பிடித்திருக்கிறாள்.

"அம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க. சின்னதுல ஆத்துல குளிக்கும்போது எங்க சித்தி பார்த்துட்டு வாலுன்னு சொல்லிட்டாங்க, அன்னையிலேர்ந்து நான் ஆத்துக்கே போகலை. வால் உள்ள பொண்ணை யாரு கட்டுவான்னு அம்மா அழும். கல்யாணத்துக்குக் கொடுத்த பாத்திரத்துல சாம்பார் வாளிக்குள்ள பிளேடு பாக்கெட்டு வச்சு அனுப்பினாங்க. அவருக்கு இது தெரியாது டாக்டர். இத்தனை நாளும் தெரியாம பார்த்துக்கிட்டேன். சொல்லிராதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன்." கும்பிடக் கையை எடுத்தாள், பாக்கியம் பிடித்து இறக்கினார். எனக்கு வந்த கோபத்தில் அந்த அம்மாவை உள்ளே இழுத்து வந்து இந்த முதுகின் முன்னால் நிறுத்த வேண்டும்போல இருந்தது. டாக்டரிடமும் வக்கீலிடமும் மறைக்கக் கூடாது என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? கல்யாணம் என்று வந்துவிட்டால் எல்லாப் பழமொழியும் பரணுக்குப் போய்விடும். ஆனால் பாத்திரக் கடையில் வாளி வாங்கிக் கொண்டுவந்து, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, அதற்குள் பிளேடு பாக்கெட்டை வைத்து மூடிய அந்தக் கையை நினைத்தால் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது. பெற்றவளுக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான்.

"பாக்கியம், காலைப் பாருங்க. ரெண்டு பாதத்தையும் சேர்த்து வச்சுப் பாருங்க." பாக்கியம் குனிந்தார். எழுந்திருக்க நேரமானது. "இடது பாதம் சின்னதா இருக்கு மேடம். விரலு மடங்கின மாதிரி இருக்கு. கெண்டைக்கால்ல ஒரு சூட்டுத் தழும்பு, பெருசு." "சுடர், அது என்ன தழும்பு?" "சைலன்சர் சுட்டுது." "சுட்டப்போ கத்தினியா?" "வீட்டுக்கு வந்து சேலை ஒட்டிக்கிட்டு இருக்குன்னு பார்த்தப்போதான் தெரிஞ்சுது" என்றாள். போதும். இதற்கு மேல் எனக்குப் படம் வேண்டாம், யாரும் சிரிக்கட்டும். தட்டில் கிடக்கிற ஊசியைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அதன்மேல் பச்சைத் துணியை இழுத்துப் போட்டேன். துணி மட்டும் சிக்காமல் இருந்திருந்தால்? நல்ல பிளேடாக இருந்திருந்தால், கை எட்டியிருந்தால், வலி நடுவில் வராமல் இவள் நிதானமாக வழித்திருந்தால் துணி வழுக்கிக்கொண்டு போயிருக்கும், நான் தேங்காயை நினைத்துக்கொண்டே போட்டிருப்பேன். போட்டிருப்பேன். இன்று ராத்திரி தூக்கம் வராது.

சொல்லிவிட்டேன். ஊசி போடப் போவதில்லை என்றும், ஏன் என்றும், இந்தக் கால், அந்தத் தழும்பு, அந்த முடி எல்லாம் ஒரே சங்கதி என்றும், பிள்ளை பிறந்த பிறகு முதுகைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும், முடிந்தமட்டும் எளிதாகச் சொன்னேன். கை நரம்பு வழியாகக் கொஞ்சம் மருந்து தரலாம், முகத்தில் வைத்து இழுக்கிற வாயு இருக்கிறது, ஆனால் அதெல்லாம் வலியை மழுக்கும், நிறுத்தாது. ஒருவேளை வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் முழு மயக்கம்தான். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. அடுத்த வலி வந்துவிட்டது. "போடுங்க, என் கால் போனா போகட்டும், போடுங்க டாக்டர், உங்களுக்கு என்ன, எனக்குத்தான வலிக்கு" என்று கத்தினாள். பாவி என்றாள். பிறகு இன்னும் மோசமாக ஒன்று சொன்னாள், பாக்கியம் பதறிப்போய் என்னைப் பார்த்தார். திட்டட்டும். திட்டுகிறவளுக்குக் காலில் இன்னும் பலம் இருக்கிறது, கட்டிலின் இரும்புக் கம்பியைக் குதிகாலால் உதைக்கிறாள். ஆனாலும் என்னால் நிறுத்த முடிகிற வலியை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கிறது என்று வேறு எந்த டாக்டருக்கும் தெரியாது. சரியானதைத்தான் செய்கிறேன், சந்தேகமில்லை, இருந்தும் எனக்கு அழுகை வருகிறது.

அவளுடைய கத்தலைக் கேட்டு அவனே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். இப்போது இவனிடம் என்ன சொல்வது? வலி இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சுடர் தலையைத் தூக்காமல் என் பக்கம் கண்ணைத் திருப்பினாள். கும்பிட்ட அதே கண். "முதுகுல ஊசி போடலை தம்பி" என்றேன். "எலும்பு அமைப்பு ஊசிக்குத் தோதா இல்லை. வேற மருந்து தாரேன்." அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். "அந்த முடி இருக்கே, அதனாலயாம்மா?" என்றான்.

பாக்கியத்தின் கை அவள் தோளில் அப்படியே நின்றது. "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டது நான்தான், என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "தெரியும்மா. கல்யாணமான புதுசுல ஒரு நாள் கையில தட்டுச்சு. அவ சட்டுன்னு என் கையை எடுத்து வேற இடத்துல வச்சா. சரி, இவளுக்கு இது பிடிக்கலைன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அதுலேர்ந்து நான் அந்தப் பக்கம் கையே கொண்டு போறதில்லை. தெரிஞ்ச மாதிரி காட்டினா கூசிப் போயிருவாள்லா." "நான் கேட்டேனேப்பா. இங்கேயே வச்சு ரெண்டு தடவை கேட்டேனே." "அவ இல்லைன்னுட்டா. நான் எப்படிம்மா உண்டுன்னு சொல்லுவேன்?" சொல்லிவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தான். நான் கேட்டதை வைத்து இப்போதுதான் ஊகித்திருக்கிறான், அதற்கு முன்னால் முடிக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று பேட்டரி கடைக்காரனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஓங்கி ஒன்று வைக்கலாம்போல இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது. அவள் அவனுக்காக மறைத்தாள், அவன் அவளுக்காக மறைத்தான். ஒருத்தர் மனசு இன்னொருத்தருக்கு நோகக் கூடாது என்று இரண்டு பேரும் பார்த்துப் பார்த்து நடந்த நடைக்கு நடுவில்தான் என் ஊசி இறங்க இருந்தது.

சுடர் தலையைத் தூக்கினாள். "தெரியுமா?" என்றாள். அவன் தலையாட்டினான். "அப்பவே தெரியுமா?" மறுபடி ஆட்டினான். "சொல்லித் தொலைய வேண்டியதுதானவே!" என்று அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பிடித்த பிடியிலேயே அடுத்த வலி வந்தது, இதுவரை வந்ததில் பெரியது. அவள் அவன் மேல் சரிந்தாள், அவன் இரண்டு கையாலும் அவளைச் சுற்றி வளைத்தான், அந்தக் கறுப்பு படிந்த வெறுங்கை அவள் முதுகில், நான் இவ்வளவு நேரம் துடைத்து வைத்திருந்த இடத்தில் வந்து விழுந்தது. துடைத்த இடத்தில் எவன் கை பட்டாலும் கத்திவிடுவேன். இத்தனை வருஷத்தில் பெரிய பெரிய டாக்டர்களைப் பார்த்தே கத்தியிருக்கிறேன். தொடாதே என்று தொண்டை வரை வந்துவிட்டது. அவன் கை முதுகில் மேலும் கீழும் தடவிக்கொண்டே போய், ஒரு இடத்துக்கு வந்ததும் பழக்கத்தில் நின்று, மேலே திரும்பப் பார்த்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "கீழ" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. "அங்கதான் வலிக்கு, இன்னும் கீழ, நல்லா அமுக்கித் தேயும்" என்றாள். அவன் தேய்த்தான். நான் கிளவுஸைக் கழற்றிவிட்டு, வாயு சிலிண்டரைக் கொண்டுவரச் சொன்னேன்.